வீட்டிலேயே பாலே பார் பயிற்சி: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

பாலே வகுப்பு பாரிஸில் நடந்தாலும் மெல்பர்னில் நடந்தாலும் ஆரம்பம் ஒன்றுதான். சுவரோரமாக இடுப்பு உயரத்தில் ஓடும் கம்பியை ஒரு கையால் தொட்டபடி நின்று, முழங்காலை மடக்கி நிமிர்வார்கள். அந்தக் கம்பிதான் பார். நேற்று சேர்ந்தவரும் இதைத்தான் செய்கிறார், பல வருடம் மேடையேறியவரும் இதைத்தான் செய்கிறார். 2014 முதல் நடக்கும் உலக பாலே நாளில் லண்டன் ராயல் பாலே, மாஸ்கோ பல்ஷோய் போன்ற குழுக்கள் தங்கள் காலை வகுப்பை இணையத்தில் அப்படியே காட்டியிருக்கின்றன. ஒருமுறை தேடிப் பாருங்கள். உலகப் புகழ் பெற்றவர்கள் பழைய ஸ்வெட்டரும் கம்பளிக் காலுறையுமாக வந்து நின்று மெதுவாக முழங்காலை மடக்கிக்கொண்டிருப்பார்கள்.

அவர்களின் வகுப்பு ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை போகும். அதில் ஏறக்குறைய பாதி கம்பியருகில்தான். வீட்டில் நமக்கு அவ்வளவும் வேண்டாம், 20 நிமிடம் தாராளம். வீட்டுப் பயிற்சியில் ஒரு சிக்கல் உண்டு: தவறைப் பார்த்துத் திருத்த ஆள் இல்லை. தவறான அசைவைத் தினமும் செய்தால் அது நன்றாகவே பழகிவிடும். அதனால் குறைவாக, சின்னதாக, மெதுவாகச் செய்வதுதான் வீட்டுக்குப் பொருந்தும். இணையத்தில் கிடைக்கும் நீளமான பயிற்சி வீடியோக்களில் பாதியை நீங்கள் இப்போதைக்குத் தொடவே வேண்டியதில்லை. முடிந்தால் ஆசிரியர் ஒருவரிடம் நேரில் நான்கைந்து வகுப்பாவது போய்விட்டு இதைத் தொடங்குங்கள்.

பிடித்துக்கொள்ள என்ன?

சமையல் மேடை போதும். 2020 ஊரடங்கின்போது இங்கிலீஷ் நேஷனல் பாலேயின் கலை இயக்குநராக இருந்த தமாரா ரோஹோ தன் வீட்டுச் சமையலறையில் நின்றுதான் இணையத்தில் வகுப்பு எடுத்தார். நியூயார்க் சிட்டி பாலேயின் டைலர் பெக்கும் அப்படியே. நம் வீட்டு மேடை பெரும்பாலும் மூன்றடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். உயரமானவர்களுக்குக் கொஞ்சம் தாழ்வு, மற்றவர்களுக்குச் சரியாக இருக்கும். கையை வைத்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும், தோள் மேலே ஏறக் கூடாது. அவ்வளவுதான் அளவு. அடுப்பு அணைந்திருக்கிறதா, சிலிண்டரோ தண்ணீர்க் குடமோ காலில் தட்டுமா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

நாற்காலி என்றால் கனமான மரநாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம், கொஞ்சம் சாய்ந்தாலே கூட வந்துவிடும். மரநாற்காலியும் லேசாக இருந்தால் அதன்மேல் அரிசிப் பையைத் தூக்கி வையுங்கள். ஜன்னல் கம்பி உறுதிதான், ஆனால் கை தானாகவே அதை இறுக்கிப் பிடித்துவிடும். டவுன் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பதுபோல் இங்கே பிடிக்கக் கூடாது. விரல்கள் மேலே படிந்திருந்தால் போதும், கட்டைவிரலும் மற்ற விரல்களோடு மேலேயே இருக்கலாம். கை உடலுக்கு நேர்ப் பக்கத்தில் இல்லாமல் ஒரு சாண் முன்னால் இருக்கட்டும்.

தரையைப் பற்றிக் கொஞ்சம் கவனமாக யோசிக்க வேண்டும். நடனப் பள்ளிகளில் அடியில் சற்று நெகிழும் மரத்தளம் போட்டு, மேலே வினைல் விரிப்பார்கள். நம் வீடுகளில் டைல்ஸ், மொசைக், கிரானைட். இவை கெட்டியானவை, வழுக்கவும் செய்யும். வெறும் காலுறையோடு டைல்ஸில் நிற்காதீர்கள். துணியிலோ மென்தோலிலோ செய்த பாலே ஸ்லிப்பர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வெறுங்கால். வீடு துடைத்த ஈரம் முழுதாகக் காயட்டும். யோகா விரிப்பின் மேல் நின்று செய்யலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். பாலேயில் பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டு நகர வேண்டும். விரிப்பு பாதத்தைப் பிடித்து நிறுத்தும், திரும்பும் விசை முழங்காலுக்குப் போய்விடும். கடைசியில் தரையில் உட்கார்ந்து நீட்டி மடக்க மட்டும் விரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குதிக்கும் பயிற்சிகளை இந்தத் தரையில் செய்யவே கூடாது. நுனிக்காலில் நிற்கும் பாயிண்ட் ஷூ ஆசிரியர் முன்னால் மட்டும்.

உடை எதுவானாலும் சரி, முழங்கால் தெரிய வேண்டும். தொளதொள பேண்ட், நைட்டி போட்டுக்கொண்டு செய்தால் முழங்கால் எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாது.

கண்ணாடி இல்லை என்று கவலைப்பட வேண்டாம். கண்ணாடி இருந்தால் கழுத்து அதன் பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். அதைவிட, போனை இடுப்பு உயரத்தில் சாய்த்து வைத்து, வாரத்துக்கு ஒருமுறை முன்பக்கமிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பதிவு செய்து பாருங்கள்.

தொடங்கும் முன் ஐந்து நிமிடம்

பார் பயிற்சியே உடலைச் சூடாக்கத்தான். ஆனாலும் படுக்கையிலிருந்து எழுந்த உடனேயோ, ஆபீஸ் நாற்காலியிலிருந்து எழுந்த உடனேயோ நேராக அதில் இறங்க வேண்டாம். நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் நடங்கள். கணுக்காலை இரு பக்கமும் சுழற்றுங்கள், தோளை உருட்டுங்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் சின்னதாக வீசுங்கள். மூச்சு லேசாக வேகமெடுத்து, உடம்பில் கதகதப்பு வந்தால் சரி. ஸ்ப்ளிட் போட்டு அமர்வது, காலை மேடைமேல் தூக்கி வைத்து நிமிடக்கணக்கில் இழுப்பது எல்லாம் கடைசியில்தான், முதலில் இல்லை. சாப்பிட்டிருந்தால் ஒன்றரை மணி நேரமாவது போகட்டும்.

கால் திருப்பம்: புதியவர்கள் சிக்கும் இடம்

முதல் நிலை என்பது குதிகால்கள் ஒட்டியும் விரல்கள் வெளிப்பக்கம் பார்த்தும் நிற்பது. படங்களில் இரு பாதமும் ஒரே நேர்கோட்டில், 180 டிகிரியில் இருக்கும். அதைப் பார்த்து நீங்களும் முயன்றால் முழங்கால்தான் விலை கொடுக்கும். காரணம் எளிது. வெளித்திருப்பம் இடுப்பு மூட்டில் நடக்க வேண்டியது. தொடையெலும்பின் தலை இடுப்பெலும்பின் கிண்ணம்போன்ற குழிக்குள் எவ்வளவு சுழலும் என்பது பெருமளவு உங்கள் எலும்பின் அமைப்பைப் பொறுத்தது. முழங்கால் முக்கியமாக மடங்கி நீள்வதற்கான மூட்டு. இடுப்பு கொடுப்பதைவிட அதிகமாகப் பாதத்தைத் திருப்பினால் மிச்சத் திருகல் முழங்காலிலும் கணுக்காலிலும் போய் விழும்.

உங்கள் அளவை இப்படிக் கண்டுபிடியுங்கள். பாதங்களை ஒட்டி, விரல்கள் நேராக முன்னால் பார்க்க நில்லுங்கள். எடையைக் குதிகாலுக்குக் கொண்டுவந்து, பாதத்தின் முன்பகுதியைத் துளி உயர்த்துங்கள். இப்போது பாதத்தை மறந்துவிட்டு, புட்டத்துக்கு அடியில் இருக்கும் தசைகளால் தொடையை வெளிப்பக்கம் சுழற்றுங்கள். பாதம் தானாகக் கூடவே வரும். எங்கே நிற்கிறதோ அங்கே இறக்குங்கள். இரண்டு பாதத்துக்கும் நடுவே 90 டிகிரி இருந்தாலே தொடக்கத்துக்கு நல்ல அளவு. குறைவாக இருந்தாலும் குறை ஒன்றுமில்லை.

சரிதானா என்று பார்க்க இரண்டு சோதனை. ஒன்று, முழங்காலை லேசாக மடக்கிக் கீழே பாருங்கள்: முழங்கால், பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். உள்ளே சரிந்தால் திருப்பத்தைக் குறையுங்கள். இன்னொன்று, பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, குதிகால் மூன்றும் சமமாகத் தரையில் அழுந்த வேண்டும். உள்வளைவு சரிந்து தரையைத் தொட்டால், அதுவும் அதிகத் திருப்பத்தின் அடையாளம்தான்.

பரதநாட்டியம் கற்றவர்களுக்கு இந்த இடம் பழக்கமானது. அரைமண்டியிலும் இதே வெளித்திருப்பம்தான், புட்டத்தைப் பின்னால் தள்ளக் கூடாது என்ற கண்டிப்பும் அதேதான். ஆனால் அரைமண்டியில் அமர்ந்து நிலைப்பீர்கள். பாலேயில் கீழே போய்ச் சேர்ந்த நொடியே மேலே கிளம்ப வேண்டும், உட்காரவே கூடாது. தட்டி வைத்துப் பழகிய பாதத்துக்கு, தரையைத் தடவிக்கொண்டே நீளக் கற்பிப்பதுதான் கஷ்டம். இந்த இரண்டு நடனத்துக்கும் நடுவே ஒரு நிஜத் தொடர்பும் உண்டு. ருக்மிணி தேவி அருண்டேல் சதிர் (பரதநாட்டியத்தின் பழைய பெயர்) கற்பதற்கு முன்பே பாலே கற்றவர். ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி அவருக்குப் பாடம் எடுத்தார். சொந்த மண்ணின் நடனத்தைத் தேடிப் போகச் சொன்னவர் பாவ்லோவாதான்.

இனி பயிற்சி

வழக்கமாக இடது கையைக் கம்பியில் வைத்து வலது காலால் தொடங்குவார்கள். ஒவ்வொரு பயிற்சியையும் ஒரு பக்கம் முடித்ததும், கம்பியின் பக்கமாகத் திரும்பி மறுபக்கம் செய்ய வேண்டும். முதல் மாதம் வெளிக்கையை, அதாவது கம்பியைத் தொடாத கையை, இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கை அசைவுகள் அழகுதான், ஆனால் கவனத்தைத் தின்றுவிடும்.

முதலில் ப்ளியே. முதல் நிலையில் நின்று, தலையுச்சி மேலே போகிறது என்று நினைத்துக்கொண்டே முழங்காலை மடக்குங்கள். குதிகால் தரையை விட்டு எழாத ஆழம்வரை மட்டும். நான்கு எண்ணிக்கையில் கீழே, நான்கில் மேலே. முதுகு சுவரில் சறுக்கி இறங்குவதாக நினைத்தால் உடல் முன்னால் சாயாது. இப்படி நான்கு முறை. பிறகு பாதங்களை ஒன்றரைப் பாத அளவு விலக்கி வைத்து இரண்டாம் நிலையில் நான்கு முறை. சிலருக்கு இரண்டாம் நிலைதான் வசதியாக இருக்கும், அதிலிருந்தே தொடங்கினாலும் தவறில்லை. தொடை தரைக்கு இணையாகும்வரை இறங்கும் முழு ப்ளியே முழங்காலுக்குக் கனமான வேலை. அதை வீட்டில் முதல் சில மாதம் விட்டுவிடுங்கள்.

ப்ளியேயில் பலர் செய்வது, கீழே போவதில் எல்லாக் கவனத்தையும் வைத்துவிட்டு மேலே வரும்போது சும்மா எழுந்துவிடுவது. வேலை மேலே வருவதில்தான் இருக்கிறது. பாதத்தால் தரையை அழுத்தி, உள்தொடைகள் ஒன்றையொன்று நாடி வருவதை உணர்ந்து எழ வேண்டும். உச்சியில் முழங்காலைப் பின்னால் தள்ளிப் பூட்ட வேண்டாம். முழங்கால் பின்பக்கம் அதிகமாக வளையும் உடல்வாகு உள்ளவர்கள் இதில் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அடுத்தது டாண்டூ. வீட்டுப் பயிற்சியில் ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஒரு காலில் நின்று, மற்ற காலைத் தரையோடு தேய்த்து நீட்டி, விரல்நுனி மட்டும் தரையில் படும்படி நிறுத்தி, வந்த வழியே திரும்பக் கொண்டுவருவது. சொல்லும்போது ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும். பாதம் எந்த வரிசையில் எழுகிறது என்பதில்தான் எல்லாம்: முதலில் முழுப் பாதமும் தரையைத் தேய்க்கும், பிறகு குதிகால் எழும், பிறகு பந்துபோன்ற முன்பாதம் எழும், கடைசியில் விரல்நுனி. திரும்பும்போது இதே வரிசை தலைகீழாக.

முன்னால் போகும்போது குதிகால் வழிகாட்ட வேண்டும், திரும்பும்போது விரல். பின்னால் போகும்போது விரல் முதலில், திரும்பும்போது குதிகால். இப்படிச் செய்தால்தான் வெளித்திருப்பம் கலையாமல் இருக்கும். பக்கவாட்டு டாண்டூ நேர்ப் பக்கவாட்டில் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். உங்கள் பாதம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில் போகட்டும். திருப்பம் 90 டிகிரி உள்ளவருக்கு அது சற்று முன்பக்கமாகத்தான் போகும், அது சரிதான். முன்னால் நான்கு, பக்கவாட்டில் நான்கு, பின்னால் நான்கு, மீண்டும் பக்கவாட்டில் நான்கு. ஒவ்வொன்றும் இரண்டு எண்ணிக்கையில் வெளியே, இரண்டில் உள்ளே.

உள்ளங்காலில் நரம்பு இழுத்துக்கொள்கிறதா? விரல்களைச் சுருட்டி மடக்குகிறீர்கள் என்று அர்த்தம். கணுக்காலை நீட்டுங்கள், விரல்கள் நீளமாக இருக்கட்டும். இன்னொன்று, நிற்கும் காலைக் கவனியுங்கள். நீளும் காலைத்தான் கண் பார்க்கும், ஆனால் பாதி வேலை நிற்கும் காலுடையது. இடுப்பு அதன்மேல் சரிந்து உட்கார்ந்துவிட்டால், கால் எவ்வளவு அழகாக நீண்டாலும் பயனில்லை.

டாண்டூ சுத்தமாக வந்தபின் டெகாஜே. அதே அசைவு, கொஞ்சம் வேகமாக. விரல்நுனி தரையை விட்டு ஒரு சாணுக்கும் குறைவாக எழும். உயரம் இங்கே முக்கியமில்லை. தரையை உரசிய விசையில்தான் கால் எழ வேண்டும், தூக்கக் கூடாது.

ரோன் டி ஜாம் என்பது விரல்நுனியால் தரையில் அரைவட்டம் போடுவது: முன், பக்கம், பின், முதல் நிலை வழியாக மீண்டும் முன். இது வெளிச்சுற்று, நான்கு முறை. பின்னாலிருந்து முன்னால் வருவது உள்சுற்று, அதுவும் நான்கு முறை. இடுப்பு கூடவே சுற்றும், சுற்ற விடாதீர்கள். வெளிக்கையை இடுப்பெலும்பின் முன்முனையில் வைத்தால் அது நகர்வது உடனே தெரியும். கால் பின்பக்கம் போகும்போது மேலுடல் துளி முன்னால் சாய்வது இயல்பு, அதை எதிர்த்து இடுப்பை வளைக்க வேண்டாம்.

கடைசியில் ரெலவே. கம்பியைப் பார்த்து நின்று, இரண்டு கையும் மேலே வைத்து, கால்களைத் திருப்பாமல், விரல்கள் நேராக முன்னால் பார்க்க, இடுப்பகலம் விலக்கி, குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். எட்டு முறையில் தொடங்கிப் பதினாறு வரை போகலாம். எடை பெருவிரல், இரண்டாவது விரல் பக்கம் இருக்க வேண்டும். சுண்டுவிரல் பக்கம் சாய்ந்தால் கணுக்கால் மடங்கிச் சுளுக்கும். இறங்கும்போது தொப்பென்று விழாமல், ஏறியதைவிட மெதுவாக இறங்குங்கள். முடிந்ததும் கையைக் கம்பியிலிருந்து ஒரு விரற்கடை எடுத்து, சில நொடி நின்று பாருங்கள். உடல் தள்ளாடினால் இதுவரை கை எவ்வளவு தாங்கியது என்று தெரிந்துவிடும்.

ஃபோண்டூ, ஃபிராப்பே, காலை உயர வீசும் கிராண்ட் பாட்மா எல்லாம் வகுப்பில் வரும். அவற்றை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கூடத்தில் காலை வீசினால் டீப்பாய் முனையோ, குறுக்கே ஓடிவரும் குழந்தையோ மாட்டுவது உறுதி.

எந்த வேகத்தில் கூட்டுவது?

முதல் இரண்டு வாரம் ப்ளியே, டாண்டூ, ரெலவே மூன்றும் போதும். அலுப்பாகத்தான் இருக்கும். பிறகு டெகாஜே, இரண்டாவது மாதத்தில் ரோன் டி ஜாம். ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரலைத் தொடும்படி நிற்கும் ஐந்தாம் நிலை வேண்டாம். முதல், இரண்டாம் நிலைகளிலேயே எல்லாவற்றையும் செய்யலாம், பிறகு ஒரு குதிகால் மறு பாதத்தின் நடுவில் படும் மூன்றாம் நிலைக்கு நகரலாம். ஏதாவது ஒரு நாள் நேரமில்லை என்றால் ஐந்து நிமிடச் சூடு, ஒரு ப்ளியே, ஒரு டாண்டூ. ஆனால் ஒரு பக்கம் மட்டும் செய்துவிட்டு நிறுத்தாதீர்கள். எல்லோருக்கும் ஒரு கால் கொஞ்சம் மக்கு, அந்தப் பக்கம்தான் விடுபட்டுப் போகும். வாரம் ஒரு நாள் ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள்.

இசை இல்லாமல் செய்தால் வேகம் தானாகக் கூடிவிடும். பாலே வகுப்புக்கென்றே பதிவு செய்த பியானோ இசை இணையத்தில் நிறையக் கிடைக்கிறது. ப்ளியேக்கும் ரோன் டி ஜாமுக்கும் மெதுவான மூன்றடித் தாளம், டாண்டூவுக்கும் டெகாஜேவுக்கும் இரண்டடி அல்லது நான்கடி. திஸ்ர நடையில் மெதுவாகப் போகும் சினிமாப் பாட்டு ஒன்று ப்ளியேக்கு அருமையாகப் பொருந்தும், தாளம் நடுவில் மாறாத பாட்டாகப் பார்த்து எடுங்கள்.

முடித்ததும் உட்கார்ந்துவிடாமல், சுவரில் கைவைத்து ஒரு காலைப் பின்னால் நீட்டிக் கெண்டைக்காலை 30 நொடி இழுங்கள், பிறகு மற்ற கால். மல்லாந்து படுத்து, ஒரு கணுக்காலை மறு முழங்காலின் மேல் போட்டு, தொடையை நெஞ்சை நோக்கி இழுத்தால் திருப்பத்துக்கு உழைத்த தசைகள் தளரும்.

தசை களைத்து வலிப்பது வேறு, மூட்டு வலி வேறு. தொடை, கெண்டைக்கால் மறுநாள் கனமாக இருப்பது சகஜம். முழங்காலின் உள்பக்கம் வலித்தால் அன்றே திருப்பத்தைக் குறையுங்கள். குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த தசைநாணில் காலையில் எழுந்ததும் விறைப்பும் வலியும் இருந்தால் ரெலவேயைச் சில நாள் நிறுத்துங்கள். குத்தும் வலி, வீக்கம், மூட்டு பிடித்துக்கொள்வது என்றால் பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். முன்பே முழங்கால், இடுப்பு, முதுகுப் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

வாரம் எடுக்கும் வீடியோவில் எல்லாத் தவறும் உங்கள் கண்ணுக்குப் படாது. ஒரு மாதத்து வீடியோக்களைச் சேர்த்து வைத்து, அடுத்த வகுப்புக்குப் போகும்போது ஆசிரியரிடம் காட்டுங்கள். எப்படி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் பதில் வரும். ப்ளியேயில் என் முழங்கால் உள்ளே போகிறதா, டாண்டூவில் இடுப்பு சரிகிறதா என்று இந்த இரண்டை மட்டும் கேளுங்கள்.